ஆறு போத்தல் தெளிந்த சலம்

நீக்கிலாப்பிள்ளைக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும், பிறகுதான் வாய் திறக்கும். அன்று ஆஸ்பத்திரியில் இரண்டும் ஒன்றாகவே நடந்தன.

வயது ஐம்பத்தைந்து. டவுன்டவுனில் ஓர் உணவகத்தின் குசினியில் பதினாறு வருடம் கோப்பை கழுவியவர். 2007 வைகாசியில் கழுத்தில் கட்டி ஒன்று தட்டுப்பட்டது. லிம்போமா என்றார்கள், நிணநீர்க் கணுக்களில் வருகிற புற்றுநோய். ஆறு தரம் கீமோ. முதல் தரமே ஓர் ஆராய்ச்சிக்காரப் பெண் வந்து, ஒவ்வொரு கீமோவுக்கும் விடியற்காலைச் சலம், அதாவது மூத்திரம், ஒரு போத்தல் கொண்டுவர முடியுமா என்று கேட்டாள். அவருக்கு வாசிக்கத் தெரியாத பிரெஞ்சில் பன்னிரண்டு பக்கக் கடதாசியும் நீட்டினாள். மகள் மெலனி அதைப் புரட்டிவிட்டு ஒரே வரியில் முடித்தாள்.

"அப்பா, சலத்தைப் பார்த்து இந்தப் புற்றுநோய் வருத்தம் திரும்ப வருமோ எண்டு கண்டுபிடிக்கினமாம்."

அந்த ஒரு வரியை நம்பித்தான் மனிதன் கையெழுத்து வைத்தார். மெலனியின் கலியாணம் அடுத்த ஈஸ்டருக்குப் பிறகு என்று பேசியிருந்தது. வருத்தம் திரும்பும் என்று போத்தல் சொன்னால், கோயிலில் கலியாணம் வைக்காத மார்கழித் திருவருகைக் காலம் தொடங்க முன்னமே கலியாணத்தை முடித்துவிடலாம், கோயிலுக்குள் மகளைத் தானே கைபிடித்துக் கூட்டிப்போகலாம். இதை அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. போத்தல் சொல்லட்டும் என்று காத்திருந்தார்.

மனைவி அக்னெஸுக்கோ இது மானப் பிரச்சினை. மஞ்சளாய் நாறுகிற ஒன்றைக் கொண்டுபோய் அடுத்தவள் கையில் கொடுப்பதா? கீமோ நாள் வந்தால் நாலு மணிக்கே எழுப்பி, மல்லியும் பார்லியும் அவித்த தண்ணீரைச் செம்பு செம்பாகக் குடிக்க வைத்தாள். சலம் கிணற்றுத் தண்ணீர் போலத் தெளிந்து வந்தது. இரண்டு பேருக்கும் திருப்தி.

ஆறாவது போத்தலைக் கொடுத்த அன்று அவர் மகளைப் பார்த்தார்.

"கேள் பிள்ளை. என்ரை போத்தல் என்ன சொல்லுதாம்?"

ஆராய்ச்சிக்காரப் பெண் பிரெஞ்சில் நீளமாகப் பேசினாள். மெலனியின் முகம் சுருங்கியது.

"தனி ஆளுக்குச் சொல்லமாட்டினமாம் அப்பா. போத்தலிலை பேர் இல்லையாம், இலக்கம் மட்டும்தானாம். கன பேரின்ரையைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதும் விளங்குமாம். வருசக்கணக்காய்ச் செல்லுமாம்."

"பேர் இல்லையோ? ரொக்ஸ்பரோ வீட்டிலை இருந்து ரெயினிலை மடியிலை வைச்சுக் காவிக்கொண்டு வந்தவன் ஆர், இலக்கமோ?"

"இன்னுமொண்டு. குளிர்ப்பெட்டியிலை வைச்சிருந்ததை இப்பதான் பார்த்தவையாம். உங்கடை எல்லாம் வெறும் தண்ணியாம். பாவிக்க ஏலாதாம்."

"என்ரை உயரம் கேட்டவை. அப்பப்பா என்ன வருத்தத்திலை செத்தவர் எண்டும் கேட்டவை. காலமை என்ன குடிச்சனீ எண்டு ஒரு நாய் கேட்டதோ? நீயும்தான்! பன்னிரண்டு பக்கத்தை ஒரு வரியிலை சொன்னாய்!"

பிழையான ஞாயமா அது? கேட்டிருந்தால் முதல் போத்தலோடேயே பிடிபட்டிருக்கும்.

வீட்டில் அக்னெஸ், "நான் நல்லதுக்குத்தானே செய்தனான்" என்று மூக்கை உறிஞ்சினாள்.

"நல்லது! சோதினைக்குப் போனவனிட்டை வெறும் பேப்பரைக் குடுத்துவிட்டிருக்கிறாய்."

ஏசி முடித்து, தேநீரைக் குடித்து, பிறகு ஒரு மாதிரி அடங்கிய குரலில் சொன்னார். "கோயில் சுவாமியோடை போய்க் கதை. மூண்டு ஞாயிறு பூசையிலை கலியாணக் கூறுதல் வாசிக்கட்டும். கலியாணம் நவம்பர் பதினேழு."

"ஏனப்பா, ஈஸ்டருக்குப் பேந்து எண்டெல்லே?" மெலனி கேட்டாள். கேட்ட பிறகுதான் அவளுக்கு விளங்கியது.

"மூத்திரத்திட்டைக் கேட்டு நாள் வைக்கிற குடும்பமோ நாங்கள்?" என்றார் அவர், அவளைப் பார்க்காமல்.

கீமோ முடிந்து ஒரு மாதத்தில் கடைசிப் போத்தல் ஒன்று கொடுக்க இருந்தது. போகமாட்டார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். போனார். முதல்நாள் இரவு படுத்ததிலிருந்து ஒரு மிடறு தண்ணீர் குடிக்கவில்லை. பால் விடாத வெறுந்தேத்தண்ணி நிறத்தில் இருந்ததை அந்த ஆராய்ச்சிக்காரப் பெண்ணின் மேசையில் டக்கென்று வைத்தார்.

"இது என்ரை. எனக்கு ஒண்டும் சொல்ல வேண்டாம். எனக்குப் பின்னாலை வாறவனுக்காவது, அவன்ரை பாஷையிலை, வாயைத் திறந்து சொல்லுங்கோ."

இந்த முறை மெலனி ஒரு சொல்லும் விடாமல் பிரெஞ்சில் சொன்னாள்.