ஏழாம் குழாயின் ருசி

பீர்க் கடையில் அவளை எல்லோரும் மூக்கு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்கு ஒன்றும் பெரிதில்லை. அது பார்க்கிற வேலைதான் பெரிது. பதினெட்டு வருஷம் பால் பண்ணையில் தொட்டியும் குழாயும் கழுவியவள். மூடியைத் திறந்ததுமே, இந்தப் பால் சாயங்காலம் வரை தாங்குமா தாங்காதா என்று சொல்லிவிடுவாள். பண்ணையை மூடியதும் இங்கே வந்து சேர்ந்தாள். பாலானால் என்ன, பீரானால் என்ன, குழாய் குழாய்தான்.

கடையில் ஒன்பது குழாய்கள். எல்லாம் பின்னறையில் சொந்தமாகக் காய்ச்சுகிற சரக்கு. அவள் ஒரு சொட்டு நாக்கில் வைத்ததில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு, முகர்ந்தே எது எது என்று சொல்வாள். முதலாவது தண்ணீருக்குப் பக்கத்து வீடு, லேசான ரொட்டி வாசனை. மூன்றாவது ஆரஞ்சுத் தோல். ஐந்தாவது கருகிய காப்பிக்கொட்டை. ஒன்பதாவது கருப்பட்டிப் பாகு. அதை மட்டும் ஆளுக்கு இரண்டு கிளாஸுக்கு மேல் தருவதில்லை. மூன்றாவது கிளாஸும் குடித்தவன் செருப்பை விட்டுவிட்டு வீட்டுக்குப் போவான்.

பதினைந்து நாளைக்கு ஒருமுறை, திங்கட்கிழமை காலையில் அழுக்கை அரிக்கும் கார மருந்தைக் குழாய்க்குள் ஏற்றி, அரைமணி ஊறவிட்டு, நல்ல தண்ணீரால் தள்ளுவாள். கடைசித் தண்ணீரை முகர்ந்து பார்த்த பிறகே, சுவரில் தொங்கும் தாளில் அந்தக் குழாய்க்கு நேரே கையெழுத்து. ஆறு வருஷத் தாளில் பொய்க் கையெழுத்து ஒன்று கிடையாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

மகள் பிரசவத்துக்காக ஐந்து வாரம் லீவு எடுத்தாள். பதிலுக்குக் கழுவியவன் கவுண்டரில் ஊற்றிக்கொடுக்கிறவன். ஏழாம் குழாயின் திருகு இறுகிக் கிடந்தது. இரண்டு தடவை முக்கிப் பார்த்தான். யாருக்குத் தெரியப் போகிறது என்று விட்டுவிட்டான்.

அவள் திரும்பி வந்த திங்கட்கிழமை, கரும்பலகையில் புதிதாக எழுதியிருந்தது: ‘ஏழு: காட்டுப் புளிப்பு.’

“அக்கா, மத்த எட்டையும் கழுவுங்க. ஏழைத் தொடாதீங்க,” என்றான் முதலாளி. அவளைவிட இருபது வயது சின்னவன். “இப்ப அதுக்குத்தான் வரிசைல நிக்கிறாங்க.”

“அது கோதுமை பீர்தானே தம்பி? புளிப்பு எங்கேர்ந்து வந்துச்சு?”

“எங்கேர்ந்தோ வந்துச்சு. வீடு தேடி வந்த சீதேவியைக் கழுவி ஊத்தச் சொல்றீங்களா? புதன்கிழமை சுகாதார ஆபீசர் வர்றாரு. ஏழுக்கும் சேர்த்து ஒரு கையெழுத்தைப் போட்டு வெச்சிருங்க.”

அவள் ஸ்பேனரை எடுத்தாள். திருகு கிரீச்சென்று கழன்றது. வாசனை முதலில் வந்தது: பால் துடைத்து மூலையில் எறிந்து, மழைக்காலம் முழுக்க மறந்துபோன துணி. சுண்டுவிரலை உள்ளே விட்டு இழுத்தாள். கூடவே ஒரு சாண் நீளத்துக்குச் சளி வந்தது. வெளுத்து, வழுவழுவென்று, நடுநடுவே கறுப்புப் புள்ளியோடு. பண்ணைத் தொட்டியில் புழுவையே பார்த்தவள்தான். இருந்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்போதுதான் மாப்பிள்ளை நினைவுக்கு வந்தார். செல்போன் விற்கிற மனிதர், பீரைப் பற்றிப் பேசினால் தானே காய்ச்சியது போலப் பேசுவார். முந்தாநாள் சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர், “அத்தை, உங்க கடை ஏழாம் நம்பர் இருக்கே! முதல் மடக்குல பச்சை ஆப்பிள். அப்புறம் ஈரமண்ணு. கடைசில பழைய மரப்பெட்டி வாசனை. ஆஹா!” என்று நாக்கைச் சப்புக்கொட்டினார். அதே வாயால் குழந்தையின் இரண்டு கன்னத்திலும் மாறி மாறி முத்தம் கொடுத்தார்.

த்தூ, என்றாள் மூக்கு அக்கா, கிளாஸ் கழுவும் காலித் தொட்டியைப் பார்த்து.

சளியை ஒரு சாஸரில் வழித்தாள். திருகை மாட்டி, ஏழாம் குழாயிலிருந்து ஒரு கிளாஸ் பிடித்தாள். இரண்டையும் கொண்டுபோய் முதலாளியின் மேஜையில் வைத்தாள்.

“கையெழுத்துப் போடறேன் தம்பி. நீங்க ஒரே ஒரு மடக்குக் குடிங்க.”

“எனக்குக் காலைல குடிச்சுப் பழக்கம் இல்லக்கா.”

“பரவால்ல, சாயங்காலம் வரைக்கும் இருக்கேன். அஞ்சு வாரத்துல ஒரு தடவையாவது இதைக் குடிச்சீங்களா?”

அவன் கிளாஸைக் கையில் எடுத்தான். அந்த நேரம் பார்த்து, சாஸரில் இருந்தது மெல்ல வழிந்து விளிம்புக்கு வந்து, அவனுடைய பேனாவைத் தொட்டது.

கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். “எடுத்துட்டுப் போங்கக்கா! கழுவித் தொலைங்க!”

மூன்று முறை மருந்து ஏற்ற வேண்டியிருந்தது. நாலாம் தண்ணீரில்தான் வாசனை போனது. ஏழுக்கு நேரே, மற்ற எட்டைவிட அழுத்திக் கையெழுத்துப் போட்டாள். பலகையில் இருந்ததை ஈரத்துணியால் அவளே துடைத்தாள்.

அடுத்த சனிக்கிழமை மாப்பிள்ளை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். “உங்க கடை ஏழு போச்சு அத்தை. உயிரே இல்ல. யாரோ கை வெச்சுட்டாங்க.”

“நான்தான் மாப்பிள்ளை, கை வெச்சேன்.”

“நீங்களா? எதுக்கு?”

“அதைச் சொன்னா ராத்திரி நீங்க சாப்பிட மாட்டீங்க,” என்றவள், தொட்டில் பக்கம் குனிந்தவரின் தோளைப் பிடித்து நிறுத்தினாள். “முதல்ல போய் வாயைக் கழுவிட்டு வாங்க. நல்லா, மூணு தடவை.”