கீழ்வீட்டம்மாவைப் பார்க்கப் போன நாள்

எக்ஸ்சேஞ்சம்மாவின் முழங்கால் வலியை வீட்டில் யாரும் நம்புவதில்லை. துணி காயப்போட மொட்டைமாடிக்கு மூச்சு வாங்காமல் ஏறி இறங்குகிற கால் அது. போகப் பிடிக்காத இடத்துக்கு யாராவது கூப்பிட்டால் மட்டும் முதல் நாள் சாயங்காலமே மடக்க முடியாமல் போய்விடும். அன்றைக்கும் அப்படித்தான் ஆயிற்று. மருமகள் மியூசியம் டிக்கெட்டுகளை மேசைமேல் வைத்ததுதான் தாமதம், மாமியார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"தைலம் தேய்ச்சு விடறேன் அத்தை. நாளைக்குச் சரியாப் போயிடும்," என்றாள் மருமகள்.

"தைலத்துக்குப் போற வலி இல்லம்மா இது. நீங்க போயிட்டு வாங்க. நான் வீட்டைப் பாத்துக்கறேன்."

"வீடு எங்கயும் ஓடிப் போயிடாது. எங்க அம்மா அப்பாவும் வராங்க. நீங்க வரலைன்னா அவங்க என்ன நினைப்பாங்க?"

அவர்கள் வருகிறார்கள் என்பதுதான் எக்ஸ்சேஞ்சம்மாவின் முழங்காலை மடக்கவிடாமல் செய்தது.

கண்காட்சி ஒரு பொம்மலாட்டக்காரரைப் பற்றியது. ஊரே கொண்டாடிய மனிதர். அவர் காலமானதும் மியூசியம் ஒரு மாடி முழுவதையும் அவருடைய பொம்மைகளுக்கு ஒதுக்கிவிட்டது. அவர் செய்த பொம்மைகளில் ராஜா உண்டு, திருடன் உண்டு, காதலர்கள் உண்டு. ஆனால் பேர் வாங்கியது என்னவோ கீழ்வீட்டம்மாதான். அவருடைய மேடையே மாடிவீடு மாதிரி இருக்கும். மேலே ராஜா கர்ஜித்துக்கொண்டிருப்பார், இல்லை காதலன் உருகிக்கொண்டிருப்பான். சரியாக அந்த நேரம் பார்த்துக் கீழே ஒரு கதவு திறக்கும். நீளமான மூக்கு, அவிழ்ந்த கொண்டை, உருட்டி விழிக்கிற கண், கையில் கறுப்புக் குடை. அந்தக் குடையால் கூரையை டொக் டொக்கென்று தட்டி, "யாரது மேல? மனுஷங்களா, மாடுங்களா?" என்று ஒரு கத்தல். அரங்கமே உருண்டு புரண்டு சிரிக்கும். தெருவில் விளையாடுகிற பிள்ளைகள்கூட அதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப் போயிருந்தார்கள்.

அந்தப் பொம்மை தான்தான் என்பது எக்ஸ்சேஞ்சம்மாவின் கால் நூற்றாண்டு ரகசியம். ரகசியம் என்றா சொன்னேன்? வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அவள் எதிரில் யாரும் வாயைத் திறப்பதில்லை, அவ்வளவுதான்.

அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். காதில் மாட்டிய ஹெட்போனும் கையில் ஒயரும் முன்னால் விளக்கு விளக்காக எரிகிற பலகையுமாக வருஷக்கணக்கில் நைட் ஷிப்ட். "லைன்லயே இருங்க, கொடுக்கறேன்," என்று அவள் சொன்னால், அந்தப் பக்கம் அழுதுகொண்டிருப்பவர்கள்கூடக் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்வார்களாம். அவ்வளவு தணிவான குரல். அந்தத் தணிவையெல்லாம் இரவோடு செலவழித்துவிட்டு, காலையில் வெறுங்கையோடு வீட்டுக்கு வருவாள். பகலில்தான் தூக்கம். அந்தப் பகலில்தான் மேல்வீட்டுக்குக் குடிவந்த பொம்மைக்காரர் மரக்கால் பொம்மைகளுக்கு நடை பழக்கினார். கண் அசருகிற நேரத்தில் தலைக்கு மேல் டக் டக் என்று ஒரு படையே நடக்கும். பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒட்டடைக் கம்பை எடுத்து மேலே தட்டினாள். கத்தவும் செய்தாள். மாடு என்ற வார்த்தை அதில் இருந்தது. அதை அவள் மறுத்ததில்லை.

ஒரு நாள் அந்தக் கம்போடு நேராக மாடிக்கே போய்விட்டாள். கதவைத் திறந்த மனிதரின் கையில் ஒரு ராஜா தொங்கிக்கொண்டிருந்தார். "சொல்லுங்கம்மா," என்று அவர் குனிந்தார், ராஜாவும் கூடவே குனிந்தார். ராஜாவே குனிந்த பிறகு எப்படித் திட்டுவது? கம்பைத் தாழ்த்திக்கொண்டு இறங்கி வந்துவிட்டாள். அவர் அதற்கப்புறம் தரையில் பாய் விரித்தார், சத்தமும் குறைந்தது. கொஞ்ச நாளில் காலி செய்துகொண்டும் போய்விட்டார். ஆனால் அடுத்த சில மாதங்களிலேயே டி.வி.யில் கீழ்வீட்டம்மா வந்தாள்.

"அசப்புல உன்னை மாதிரியேதான் இருக்கு," என்று கணவர் இருந்த நாளில் ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்காக அவர் அனுபவித்தது போதும் போதும் என்றாகிவிட்டது. கம்பு எப்படிக் குடையாயிற்று என்று மகன் கேட்டபோது, "மேடைக்கு நீளமா இருந்திருக்கும், சுருக்கிட்டாரு," என்று அவரே விளக்கமும் கொடுத்திருந்தார். அதிலிருந்து அவள் எந்தப் பொம்மலாட்டத்துக்கும் போனதில்லை. டி.வி.யில் வந்தால் அடுப்படியில் அவசர வேலை வந்துவிடும்.

இதெல்லாம் தன் வீட்டோடு போயிருந்தால் சரி. மருமகளின் அம்மா, சம்பந்தியம்மா, கேட்டுச் சிரித்துவிட்டுப் போகிறவர் இல்லை. பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். உதடு தேய்ந்துவிடுமோ என்பதுபோலப் பேசுவார். சத்தம் போட்டுப் பேசுகிறவர்களைப் பார்த்தால் அவர் புருவம் மட்டும் லேசாக மேலே போகும். அந்தப் புருவத்துக்குப் பயந்தே எக்ஸ்சேஞ்சம்மா மகன் கல்யாணத்தில் இரண்டு நாளும் கிசுகிசுத்து, கடைசியில் தொண்டை கட்டிக்கொண்டு நின்றாள். இப்போது அந்தப் புருவத்தின் முன்னால், கண்ணாடிப் பெட்டிக்குள், மாடு மனுஷன் என்று கத்துகிற தன்னையே வைத்துக் காட்டப்போகிறார்கள். மகனோ வாயில் எதுவும் நிற்காத பிள்ளை.

அவள் கடைசி முயற்சியாகச் சம்பந்தி வீட்டுக்கு போன் செய்தாள். "உங்களுக்குச் சிரமமா இருந்தா வேண்டாம் சம்பந்தியம்மா. இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

"எனக்கும் காலையிலருந்து தலைவலிதான்," என்றார் அவர், வழக்கத்தைவிட வேகமாக. "நீங்க போகலைன்னா நானும் போகலை."

விஷயம் கேள்விப்பட்ட மருமகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல எப்படி வலி வரும்? பேசி வச்சுக்கிட்டீங்களா?" அவள் விடுகிற ரகம் இல்லை. காரைக் கொண்டுவந்து, இரண்டு வலிகளையும் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். மருமகளின் அப்பா, சம்பந்தி, முன்சீட்டிலும் மகன் தன் பைக்கிலும் வந்தார்கள்.

மியூசியத்தின் அந்த மாடி ஜில்லென்று இருந்தது. கயிறு கட்டிய தடுப்புகளுக்குப் பின்னால் பொம்மைகள் தலை குனிந்து தொங்கின. ஒரு மூலையில் அவருடைய வேலை மேசையை அப்படியே எடுத்து வந்து வைத்திருந்தார்கள். உளிகள், காய்ந்துபோன பசை டப்பா, கண் வரையாத இரண்டு தலைகள். மகன் ஒவ்வொன்றையும் நின்று நின்று பார்த்தான். எக்ஸ்சேஞ்சம்மா எதையும் பார்க்கவில்லை. கயிற்றின்மேல் கை வைத்தபடி சம்பந்தியம்மாவின் புருவத்தையே பார்த்துக்கொண்டு நகர்ந்தாள். கீழ்வீட்டம்மாவின் பெட்டிக்கு முன்னால் கூட்டம் நெருக்கியடித்தது. அதைச் சாக்கிட்டு இரண்டு அம்மாக்களும் எட்டிக்கூடப் பார்க்காமல், பக்கத்தில் படம் ஓடுகிற இருட்டு அறைக்குள் போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள்.

திரையில் பொம்மைக்காரர் வயதாகி, கண்ணாடி போட்டுக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். மடியில் அந்தப் பொம்மை.

"இவங்களை எங்க பிடிச்சேன்னு எல்லாரும் கேப்பாங்க," என்றார் அவர். "நான் முதன்முதலா வாடகைக்கு இருந்தது பச்சைக் கதவு வீட்டு மாடியில. கீழ ஒரு அம்மா. நான் பொம்மையை நடக்க விட்டா போதும், குடையை எடுத்துத் தட்டுவாங்க. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பழி வாங்கணும்னுதான் இதைச் செஞ்சேன். மூக்கை வேணும்னே கொஞ்சம் இழுத்து வச்சேன். இதைத் தூக்கிக்கிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குக் குடி போனேன். அங்கயும் கீழ ஒரு அம்மா இருந்தாங்க! அந்த அம்மா கம்பையே எடுத்துக்கிட்டு மேல வந்துட்டாங்க. பயந்து போய்ப் பாய் விரிச்சேன்."

அறையில் சிரிப்பு எழுந்தது. எக்ஸ்சேஞ்சம்மாவுக்கு எழுந்து நின்று கத்த வேண்டும்போல் இருந்தது. நான் இல்லை! நான் போவதற்கு முன்னாலேயே அது இருந்திருக்கிறது! அந்த மூக்கு என்னுடையது இல்லை! இத்தனை வருஷமாகக் கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் மூக்கைப் பக்கவாட்டில் பார்த்துப் பார்த்து மருகியதெல்லாம் வீண். நெஞ்சு லேசாகி, கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"அம்மா! அது நீ இல்லையாம்!" என்றான் மகன், மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு.

"நான்னு யாருடா சொன்னா?" என்றாள் அவள், ராணி மாதிரி.

அப்போதுதான் சம்பந்தி, யாரிடம் என்றில்லாமல், "பச்சைக் கதவா? அது நம்ம..." என்று ஆரம்பித்து, "ஆ!" என்று நிறுத்திக்கொண்டார். யாரோ தொடையில் கிள்ளினால் வருகிற "ஆ" அது.

பாதியில் அறுந்த பேச்சைக் கேட்டு மீதியைத் தெரிந்துகொள்வது எக்ஸ்சேஞ்சம்மாவின் பிழைப்பாக இருந்திருக்கிறது. அவள் திரும்பிப் பார்த்தாள். சம்பந்தியம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. மடியிலிருந்த கைப்பையின் கொக்கியை விரல்கள் திறந்து திறந்து மூடின. அந்தத் தலைவலி எப்படி வந்தது என்று இப்போது விளங்கிற்று.

முதலில் வந்தது சந்தோஷம்தான். பொய் சொல்லக் கூடாது. நீங்களா! அந்தப் புருவத்துக்கு அடியிலா இந்தக் கத்தல்! ஆனால் அந்த விரல்களைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷம் நிலைக்கவில்லை. தான் அனுபவித்தது வெறும் சந்தேகம். இந்த அம்மாவுக்கோ அது நிஜம். பள்ளிக்கூடம் முழுக்கப் பிள்ளைகள் அந்த வசனத்தைக் கத்திக்கொண்டு ஓட, இவர் புருவத்தை மட்டும் உயர்த்திக்கொண்டு நடந்திருக்கிறார்.

படம் முடிந்து விளக்குப் போட்டார்கள். மியூசியத்தின் வழிகாட்டிப் பெண் முன்னால் வந்து நின்றாள். "அந்தக் கீழ்வீட்டம்மா யாருன்னு எங்களுக்கு இன்னும் தெரியலை. அவர் கடைசி வரைக்கும் சொல்லவே இல்லை. உங்கள்ல யாருக்காவது தெரியுமா?"

சம்பந்தி, வெகுளி மனிதர், மறுபடியும் வாயைத் திறந்தார்.

"நான்தான்," என்றாள் எக்ஸ்சேஞ்சம்மா எழுந்து.

மகன் திகைத்தான். "அம்மா, இப்பத்தானே அவரே பச்சைக் கதவு வீடுன்னு..."

"வயசான மனுஷர், வீடு மாத்திச் சொல்லிட்டார். அந்த வீடும் நான்தான், இந்த வீடும் நான்தான். உனக்கென்னடா?"

எல்லாரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குத்தான் அவள் இத்தனை காலம் ஒளிந்துகொண்டிருந்தாள். இப்போது அது வந்து சேர்ந்தது, ஒன்றும் ஆகவில்லை. கைதட்டினார்கள். குழந்தையைத் தோளில் போட்டிருந்த ஒரு பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்களுக்கும் மேல அதே கதைதாம்மா. நாங்க தட்டப் பயந்துக்கிட்டு இருக்கோம்," என்றாள். ஆளுக்கொரு மேல்வீடு இருக்கும் போலிருக்கிறது.

வழிகாட்டிப் பெண் அவளைப் பிடித்த பிடியில் வெளியே அழைத்துப்போனாள். அங்கே தொட்டுப் பார்ப்பதற்கென்றே ஒரு மேசைமேல் பொம்மைகளின் நகல்கள் இருந்தன, கூரையும் தளமுமாக ஒரு சின்ன மேடையும் இருந்தது. கீழ்வீட்டம்மாவை அவள் கையில் கொடுத்து, "ஒரே ஒரு தடவை தட்டிக் காட்டுங்கம்மா," என்று கெஞ்சினாள். கூட்டம் சுற்றி நின்றது. எக்ஸ்சேஞ்சம்மா கம்பியை இழுத்தாள். குடையின் முனை கூரையில் போய்ச் சப்பென்று இடித்தது. மறுபடி இழுத்தாள். மறுபடியும் சப்.

"அப்படி இல்லை, சம்பந்தியம்மா."

தணிந்த குரல்தான். ஆனால் பக்கத்திலேயே வந்து நின்றது.

"முனையால தட்டினா சத்தம் மேல போகாது. குடையைத் திருப்பணும். பிடியாலதான் தட்டணும்." சம்பந்தியம்மா கைப்பையைக் கணவரிடம் கொடுத்தார். பொம்மையை வாங்கிக் குடையைத் திருப்பிச் சொருகினார். டொக், டொக். அதற்குப் பிறகு, உதடு தேயாமல் இத்தனை வருஷம் சேர்த்து வைத்த குரல் முழுவதும் வெளியே வந்தது. "யாரது மேல? மனுஷங்களா, மாடுங்களா?"

அடுத்த கூடத்திலிருந்து காவலாளி ஓடி வந்தார். சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று.

"அம்மா?" என்றாள் மருமகள், வாயைப் பிளந்துகொண்டு.

"என்ன அம்மா? எல்லாம் உன்னாலதான். கைக்குழந்தை நீ. காதுவலி உனக்கு. ராத்திரியெல்லாம் கத்திட்டுப் பகல்லதான் கொஞ்சம் கண்ணை மூடுவே. நீ மூடினதும் அவர் ராஜாவை நடக்க விட்டுடுவார். நான் என்னதான் பண்றது?" சம்பந்தியம்மா தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார். "மூக்கு மட்டும் எனக்கு அவ்வளவு நீளம் இல்லை."

"இல்லவே இல்லை," என்றார் அவர் கணவர் அவசரமாக. "இனிமே நான் பேசலாமா?"

மருமகள் அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். வழிகாட்டிப் பெண் ஒரு அம்மாவையும் இன்னொரு அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். எக்ஸ்சேஞ்சம்மா சம்பந்தியம்மாவின் கையிலிருந்த பொம்மையை வாங்கி மேசைமேல் படுக்க வைத்தாள்.

"எனக்கும் அதேதான் சம்பந்தியம்மா," என்றாள், கிசுகிசுக்காமல், தன் சொந்தக் குரலில். "நைட் ஷிப்ட். கொஞ்சம் தூங்கணும்னு இருந்துது. நாம வேற என்ன கேட்டோம்?"