வாய்க்காலைப் பார்த்த ஷட்டர்கள்

எங்கள் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் நான் வவுச்சர் ஊழியர், அதாவது வவுச்சரில் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்குகிற, நிரந்தரமில்லாத ஆள். நோட்டீஸ் அடிப்பேன், ஜெராக்ஸ் எடுப்பேன், கூட்டம் என்றால் நாற்காலி போடுவேன், அதிகாரி ஊரெல்லாம் தேடச் சொல்லும் பைலை அவர் மேஜையிலிருந்தே எடுத்துக் கொடுப்பேன். இத்தனை வருஷம் இதைச் செய்ததில், வளர்ச்சித் திட்டம் என்றால் என்ன என்று ஊரில் என்னைவிடத் தெரிந்தவர் யாருமில்லை என்ற மிதப்பு எனக்கு வந்துவிட்டது. அந்த மிதப்பைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

டவுனுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன விமான நிலையம் இருக்கிறது. சில வருஷம் விமானம் வரும், சில வருஷம் வராது. எங்கள் ஊரிலிருந்து துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் எல்லோரும் வில்லியனூரில் பஸ் ஏறி, சென்னைக்குப் போய்த்தான் பறந்தார்கள். ஆனாலும் ஓடுபாதையை நீட்டப் போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியதும், நெல்லும் கரும்பும் விளைகிற எங்கள் ஊர் ‘விமான நிலையப் புறநகர்ப் பொருளாதார வளர்ச்சி மண்டலம்’ ஆகிவிட்டது. அந்தப் பெயரைத் தட்டச்சு செய்தவள் நான்தான். ஒரு வரியில் அடங்கவில்லை.

திட்டம் போட ஆலோசகர்கள் இரண்டு பேர் வந்தார்கள். வந்தார்கள் என்றால், ஆபீசுக்கு வந்தார்கள். இளநீர் குடித்தார்கள், ஏசி சரியில்லை என்றார்கள், வரைபடத்தை மேஜையில் விரித்துவிட்டுப் போனார்கள். ஊருக்குள் அவர்கள் கார் நுழையவே இல்லை. சாட்டிலைட் படம் போதுமாம். அந்தப் படம் சித்திரை வெயிலில் எடுத்தது. ஏரியின் உபரித் தண்ணீர் வடிகிற வாய்க்கால் அப்போது காய்ந்து கிடக்கும், நாங்கள் அதற்குள்ளேயே பைக் ஓட்டிக்கொண்டு போவோம். மேலேயிருந்து பார்த்தால் டயர் தடத்தோடு அருமையான மண் ரோடு. அவர்கள் அதற்குச் சிவப்பு மையடித்து ‘விமான நிலைய இணைப்புச் சாலை’ என்று எழுதிவிட்டார்கள்.

எனக்கு அது வாய்க்கால் என்று தெரியாதா? என் வீட்டுப் பின்சுவரை ஒட்டித்தான் அது ஓடுகிறது. அதிகாரியிடம் சொல்லவும் சொன்னேன். அவர் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார்.

“இப்ப அது வாய்க்கா. பிளான் வந்துட்டா ரோடும்மா.”

படித்தவர், மேல்சட்டையில் இரண்டு பேனா வைத்திருப்பவர், சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். நான் முட்டாள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அப்புறம் கருத்துக் கேட்புக் கூட்டம். ஆலோசகர் திரையில் கண்ணாடிக் கட்டடங்களைக் காட்டினார். கட்டடத்துக்குக் கீழே வெள்ளைக்காரர்கள் சூட்கேஸ் இழுத்துக்கொண்டு நடந்தார்கள். மழைத் தண்ணீர் எங்கே போகும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எங்கள் ஜனம் கேட்டது ஒரே கேள்விதான்: ரோடு எங்கள் வீட்டுக்கு முன்னால் வருமா, பின்னால் வருமா? பின்னால் என்று தெரிந்ததும், இனி வீட்டுக்கு இரண்டு வாசல் என்று முகமெல்லாம் மலர்ந்து, போண்டா பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கலைந்தார்கள்.

எங்கள் பக்கத்துக்கு ஒரு வியாதி உண்டு. ரோடு வருகிறது என்று காதில் விழுந்தால் போதும், வீட்டில் ஓர் அறையை இடித்து ஷட்டர் போட்டுவிடுவோம். என்ன கடை, எவன் வாங்குவான் என்பதெல்லாம் அப்புறம். சேதராப்பட்டுக்குப் போகிற வழியில் பாருங்கள், பாதி ஷட்டர்களுக்குள் வைக்கோலும் உடைந்த கட்டிலும்தான் இருக்கும். இதை நானே எத்தனையோ தடவை கிண்டலடித்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். பின்பக்கத்து அறைச் சுவரை இடித்து ஷட்டர் போடலாம் என்று நான் சொன்னதும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

“எதிர்ல வாய்க்கா ஓடுது. கடைக்கு வர்றவன் இன்னா, தண்ணியில நின்னு சாமான் வாங்குவானா?”

ஆபீசில் இருப்பவள் நானா, நீங்களா என்று கேட்டேன். அவர் மறுபடி சோற்றைப் பிசைய ஆரம்பித்தார். கொல்லைப்புறத்துக்கு ஷட்டர் வைத்த முதல் வீடு எங்களுடையது.

என்னைப் பார்த்து மொத்தத் தெருவும் கொல்லைப்பக்கம் திரும்பிக்கொண்டது. ஆபீசு அம்மாவே போட்டுவிட்டார்கள், உள் விஷயம் தெரியாமலா போடுவார்கள் என்பதுதான் பேச்சு. வரிசையாகப் பின்சுவர்கள் இடிந்தன. இடித்த கல்லையும் மண்ணையும் கொட்ட இடம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ரோடு ஆகப்போகிற வாய்க்கால்தானே, நாமே மேடாக்கிவிட்டால் அரசாங்கத்துக்கு வேலை மிச்சம் என்றார்கள். நாங்களும் கொட்டினோம். வாய்க்காலுக்குமேல் படிக்கட்டு கட்டினார்கள். ஒருவர், இன்னும் வராத தன் கடைக்குப் பெயர்ப்பலகைகூட எழுதிவிட்டார்.

தெருக்கோடியில், எல்லாவற்றையும்விடப் பள்ளத்தில், ஒரு தையல்காரப் பெண்ணின் வீடு. புருஷன் இல்லை, இரண்டு பெண் குழந்தைகள், மண்சுவருக்கு மேல் சிமென்ட் ஷீட். ஐப்பசி கார்த்திகையில் அந்த வீடு நிற்பதும் விழுவதும் வாய்க்கால் அடைபடாமல் ஓடுவதில் இருந்தது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். மண் கொட்டுகிறவர்களிடம் கேட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் என்னிடம் வந்தாள். ஆபீசில் ஒரு மனு கொடுக்கலாமா என்று கையில் எழுதியே எடுத்து வந்திருந்தாள்.

“ரோடு நெசமா வருதாக்கா? வந்தா தண்ணிக்கு வேற வழி பண்ணுவாங்களா?”

எல்லாம் பிளானில் இருக்கிறது என்றேன். பிளானில் அப்படி ஒன்றும் இல்லை. பெரிய குழாய் புதைப்பார்கள், மனு எல்லாம் கொடுத்தால் உன் பெயர்தான் கெடும் என்று வேறு சேர்த்துச் சொன்னேன். அவள் அந்தத் தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு போனாள். மனு போயிருந்தால் என் ஷட்டருக்கு முன்னால் இருந்த மண்ணைத்தான் முதலில் அள்ளியிருப்பார்கள். அதற்காகத்தான் பொய் சொன்னேன்.

ஐப்பசியில் மூன்று நாள் மழை. ஏரி வழிந்தது. தண்ணீர் ஷட்டர்களைத் தட்டிப் பார்த்துவிட்டு, மேட்டில் இருந்த எங்களை விட்டு, தெருக்கோடிக்குப் போய் நின்றது. மூன்றாம் நாள் காலையில் அவள் வீட்டின் மேற்குச் சுவர் விழுந்தது. மத்தியானம் மற்ற சுவர்களும். குழந்தைகளை முதல் நாளே பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்ததால் உயிருக்கு ஒன்றுமில்லை. தையல் மெஷினை நாலு பேர் தூக்கி வெளியே வைத்தார்கள். அவள் யாரையும் திட்டவில்லை. அபிஷேகப்பாக்கத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்கு ஷேர் ஆட்டோவில் போய்விட்டாள்.

மேலிடத்திலிருந்து கேள்வி வந்ததும் அதிகாரிக்கு ஞானம் பிறந்தது. வாய்க்காலை ஆக்கிரமித்த எல்லோருக்கும் நோட்டீஸ். யார் ஆக்கிரமித்தது என்று போய்ப் பார்க்க அவருக்கு ஏது நேரம்? வாய்க்கால் ஓரத்துக் கதவு எண் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் வரிசையாக அடிக்கச் சொன்னார். ரோடு என்று படம் போட்டது நாம்தானே சார் என்று கேட்டேன்.

“நோட்டீசுக்கு வாய்க்கா, பிளானுக்கு ரோடு. ரெண்டையும் போட்டுக் கொழப்பாதம்மா.”

எல்லா நோட்டீசையும் நானே அடித்து நானே வீடு வீடாகக் கொடுத்தேன். என் வீட்டு நோட்டீசை என் வீட்டுக்காரர் வாங்கிப் படித்துவிட்டு, அதை ஷட்டர் சுருளும் பெட்டிமேல் வைத்துவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பிப் போனார். கடைசி நோட்டீஸ் தையல்காரப் பெண்ணுக்கு. ஒரு கூடை மண்கூடக் கொட்டாதவள் பெயரில் ஆக்கிரமிப்பு நோட்டீஸ். ஆள் இல்லையென்றால் சுவரில் ஒட்டிப் படம் எடுக்க வேண்டும் என்பது விதி. சுவர் இல்லை. அதிகாரிக்கு போன் போட்டுச் சொன்னேன். எதிலாவது ஒட்டிப் படம் அனுப்பும்மா, பைலை மூட வேண்டும் என்றார்.

அந்த இடத்தில் ஒட்டுவதற்கு ஒன்றுமில்லை. ஈர மண்ணும் நாலு உடைந்த ஷீட்டும் மட்டும். பசை டப்பாவோடு திரும்பி நடந்து, அவள் பெயர் போட்ட நோட்டீசை என் ஷட்டரில் ஒட்டிப் படம் எடுத்து அனுப்பினேன். அது யார் ஷட்டர் என்று அவர் கேட்கவில்லை. படம் தெளிவாக வந்திருக்கிறது என்று பதில் போட்டார்.