ஜெபராணியின் பி கிரேடு டயர்கள்

போன மாதம் லீவில் ஊருக்குப் போயிருந்தபோது ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். பக்கத்து இலையில் இருந்த அம்மா பப்படத்தை நொறுக்கிக்கொண்டே யாரிடமோ சொன்னார்: "பாவம் அந்த ஜெபராணி. ஒரு டயரு வெடிச்சு அந்தப் பிள்ளைக்க வாழ்க்கையே போச்சு. கூட இருந்தவளுவ எல்லாம் அயர்லாந்துக்குப் போயிட்டாளுவ."

கூட இருந்தவளுகளில் ஒருத்தி தன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குச் சுர்ரென்று வந்தது. கல்யாண வீடாயிற்றே என்று பருப்போடு சேர்த்துக் கோபத்தையும் விழுங்கினேன். இங்கே எழுதும்போது விழுங்க வேண்டிய அவசியம் இல்லை. அந்த டயர் வெடித்தபோது வண்டிக்குள் இருந்தவள் நான்.

ஜெபராணி குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரி. அமீரகத்தில், ராஸ் அல் கைமாவில் ஒரு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் நர்ஸ். அவளும் நானும் அக்ஸாவும் சப்ரீனாவும் ஒரே ஃபிளாட்டில் இருந்தோம். நான்கு பேரும் ஒரே மாவட்டம், ஒரே ஆஸ்பத்திரி, ஒரே குளியலறை. சண்டைக்குப் பஞ்சமில்லை.

எங்களில் டிரைவிங் லைசன்ஸ் வாங்கியவள் ஜெபராணி மட்டும்தான். எத்தனை தடவை தோற்று வாங்கினாள் என்று எழுதினால் இன்றும் அடிக்க வருவாள். லைசன்ஸ் வந்த கையோடு நான்கு பேரும் பணம் போட்டு ஒரு பழைய நிசான் சன்னி வாங்கினோம். வெள்ளை நிறம் என்று விற்றவர் சொன்னார், நாங்களும் நம்பினோம். இன்ஜின் நன்றாக இருந்தது. டயர்கள்தான் மொட்டை.

"ஆளுக்கு ஒரு டயர் வாங்குவோம். அவவளுக்க டயர அவவ பாத்துக்கணும்" என்று ஜெபராணி சொன்னாள். முன்னால் இடது பக்கம் அவளுடையது, வலது பக்கம் என்னுடையது. பின்னால் இடது சப்ரீனாவுடையது, வலது அக்ஸாவுடையது. உலகத்தில் வேறு யாராவது காரை இப்படிப் பங்கு பிரித்திருப்பார்களா என்று தெரியவில்லை. எங்களுக்கு அது அப்போது மிகவும் நியாயமாகப் பட்டது.

டயர் வாங்கப் போன கதைக்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வருஷம் எங்கள் ஃபிளாட்டில் தூக்கத்தில்கூட இங்கிலீஷ் படித்துக்கொண்டிருப்போம். அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரி எங்கள் நான்கு பேரையும் நேர்காணல் செய்து, சேர்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டது. நர்ஸுகளுக்கான அந்த இங்கிலீஷ் தேர்வில் நாலு பாகத்திலும் பி கிரேடு வர வேண்டும், அதுவும் வரப்போகும் தேர்விலேயே வர வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. ஏ யாரும் கேட்கவில்லை. பி வந்தால் ராணி, அதற்குக் கீழே வந்தால் பழையபடி டயாலிசிஸ் மெஷின். சப்ரீனா தொழுகையில் பி கேட்டாள், அக்ஸா உபவாசமிருந்து பி கேட்டாள். நான்கு பேரும் ஒன்றாகப் போக வேண்டும், அங்கேயும் ஒரே வீட்டில் இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. எனக்கு அதைவிடப் பெரிய ஆசை அப்போது எதுவும் இல்லை.

அந்த நேரத்தில்தான் பட்டறைப் பகுதியில் அஹ்சன் பாயின் டயர் கடைக்குப் போனோம். பெஷாவர்காரர், பொறுமைசாலி. டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருப்பதை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். முதலில் ஒரு எண். அது எவ்வளவு மெதுவாகத் தேயும் என்பதற்கு. நூறு என்று வைத்திருக்கிற ஒரு டயரோடு ஒப்பிட்டுச் சொல்வது, எண் கூடக் கூட உழைப்பு அதிகம். அடுத்தது ஈர ரோட்டில் பிரேக் போட்டால் எப்படிப் பிடித்து நிற்கும் என்பதற்கான எழுத்து. கடைசி எழுத்து சூட்டுக்கு. வேகமாக ஓடும்போது டயர் தனக்குள் ஏறுகிற சூட்டைத் தாங்குமா என்பதைச் சொல்வது. ஏ, பி, சி என்று மூன்று படி.

நாங்கள் எடுத்து வைத்திருந்த டயரில் எண் பெரிதாக இருந்தது. சூட்டுக்குப் பி.

"பாஜி, யஹான் கர்மி பஹுத் ஹை. ஏ லேலோ" என்றார் அஹ்சன் பாய். இந்த ஊர்ச் சூட்டுக்கு ஏ எடுங்கள் அக்கா என்கிறார்.

ஜெபராணிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பி பஸ் ஹை, பாய். பி மத்லப் பாஸ்" என்றாள். பி என்றால் பாஸ் என்று அர்த்தமாம். எங்கள் பக்கம் திரும்பி, "பி போதும் மக்கா. நாம கெஞ்சி கெஞ்சிக் கேக்குற கிரேடு இது. டயருல வந்திருக்கு, பேப்பரிலயும் வரும்" என்றாள்.

நாங்கள் மூன்று பேரும் அதைக் கேட்டுச் சிரித்தோம், சிரித்து நம்பினோம். நோயாளியின் காய்ச்சல் அரை டிகிரி ஏறினால் டாக்டரை எழுப்புகிற நான்கு நர்ஸுகள், சூட்டுக்கு இரண்டாந்தர டயரைப் பார்த்து நல்ல சகுனம் என்று வாங்கினோம். அஹ்சன் பாய்க்கு என்ன பாஸ், எந்தப் பரீட்சை என்று ஒன்றும் புரியவில்லை. காற்றை வாராவாரம் பார்க்கச் சொன்னார். நாங்கள் தலையாட்டினோம். பார்த்தவள் ஒருத்தியும் இல்லை.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள்தான் எங்களுடைய நல்ல காலம். வெள்ளிக்கிழமை லீவு கிடைத்தால் போதும், கிளம்பிவிடுவோம். கல் குவாரி லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஜெபராணி அத்தனை லாரிக்காரர்களையும் குளச்சல் தமிழில் ஏசுவாள். கடையோரம் நிறுத்தி ஹாரன் அடித்தால் கரக் சாயா என்கிற ஏலக்காய் டீ வண்டிக்கே வரும். ஏசி முன்னால் போகிறதா பின்னால் போகிறதா என்று சண்டை. ஜெபல் ஜைஸ் மலையில் ஏறும்போது வண்டி மூச்சு வாங்கும். அப்போது சப்ரீனா கண்ணை மூடி ஓதுவாள், அக்ஸா ஸ்தோத்திரம் சொல்வாள், நான் ஜெபராணியைத் திட்டுவேன். கடலுக்கு அந்தப் பக்கம் ஊரில் எங்களுக்கு வீடு இருந்தது உண்மைதான். ஆனால் எனக்கு வீடு என்றால் இன்றைக்கும் அந்தக் காரின் முன் சீட்டுதான் ஞாபகம் வருகிறது.

தேர்வு ஆகஸ்டில் வந்தது. துபாயில், மதியம். உச்சி வெயிலில் கிளம்பினோம். தேர்வு முடிந்த கையோடு அக்ஸாவின் அண்ணன் வீட்டில் தங்குவதாகத் திட்டம். அதனால் டிக்கி நிறைய பெட்டி. உம் அல் குவைன் தாண்டி 311 என்கிற நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தோம். பின்னால் இருவரும் கேள்வி கேட்டுப் பதில் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார்கள். வலது பின்பக்கம் படாரென்று ஒரு சத்தம். வண்டி வாலை வீசியது.

ஜெபராணி பிரேக்கைத் தொடவில்லை. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, காலை மட்டும் ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்தாள். தடுப்புக் கம்பியில் லேசாக உரசி, ஓரத்தில் போய் நின்றோம். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. இறங்கிப் பார்த்தால் அக்ஸாவின் டயர் கிழிந்து நாராகத் தொங்கியது. டிக்கியில் இருந்த ஸ்டெப்னியிலும் காற்று இல்லை.

போலீஸ் வண்டி சீக்கிரமே வந்தது. இளம் அதிகாரி, தன்மையாகப் பேசினார். லைசன்ஸைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். கம்பியில் உரசியிருப்பதால் ஒரு ரிப்போர்ட் எழுத வேண்டும், இழுத்துப் போகும் வண்டி வரும்வரை யாராவது ஒருத்தர் காரோடு நிற்க வேண்டும் என்றார். யார் நிற்பது என்று அவர் சொல்லவில்லை. கல்யாண வீட்டு அம்மா இந்த இடத்தைத்தான் கவனிக்க வேண்டும்.

அக்ஸா அழ ஆரம்பித்தாள். "எனக்க டயருதானே வெடிச்சுது. நான் நிக்கேன்."

"டயரு ஒனக்குள்ளது. ஓட்டினது நானு. நான்தான் நிக்கணும்" என்றாள் ஜெபராணி.

"வண்டி கெடக்கட்டும். இந்த டப்பாவ யாரு தூக்கிட்டுப் போவா? எல்லாரும் போவோம்" என்றேன் நான். போலீஸ்காரர் முன்னால் கத்தக் கூடாது என்பதற்காக ஜெபராணி என்னை முறைத்ததோடு விட்டாள்.

அதற்குள் சப்ரீனா ஒரு டாக்சியை நிறுத்திவிட்டாள். ஜெபராணி எங்கள் மூன்று பேரின் பைகளையும் திறந்து பாஸ்போர்ட் இருக்கிறதா என்று பார்த்தாள். தண்ணீர் பாட்டில்களை எடுத்துத் திணித்தாள். அக்ஸா ஏற மாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இங்க பாரு பிள்ளே" என்றாள் ஜெபராணி. "உன்ன விட்டுட்டுப் போனா நாங்க மூணு பேரும் அழுதுட்டே எழுதுவோம். என்ன விட்டுட்டுப் போனா நீங்க என்ன ஏசிட்டே எழுதுவிய. ஏசிட்டு எழுதினா நல்லா வரும். ஏறு."

அக்ஸாவை முதுகில் தள்ளி உள்ளே போட்டுக் கதவைச் சாத்தினாள். டாக்சி நகர்ந்தபோது திரும்பிப் பார்த்தேன். துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு காரின் நிழலில் குந்தியிருந்தாள். அந்த நேரத்தில் அந்த நிழல் ஒரு ஆளுக்கே போதாது. நான் உண்மையிலேயே அவளை ஏசிக்கொண்டுதான் எழுதினேன்.

எங்கள் மூன்று பேருக்கும் பி வந்தது.

அஹ்சன் பாய் பிறகு கிழிந்த டயரைப் பார்த்துவிட்டு எங்களைக் குறை சொல்லவில்லை. சூட்டுக்குப் பி என்பதால் மட்டும் வெடிக்காது, காற்று குறைந்து, பாரம் ஏற்றி, ஆகஸ்ட் வெயிலில் விரட்டினால் எந்த டயருக்கும் காய்ச்சல் வரும், ஏ என்றால் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கியிருக்கும் என்றார். நான்கு டயரையும் மாற்றி, சூட்டுக்கு ஏ உள்ளதாகப் போட்டோம். அன்றிலிருந்து ஜெபராணி எங்கே நிறுத்தினாலும் இறங்கி, நோயாளியின் நெற்றியில் வைப்பதைப் போல ஒவ்வொரு டயரிலும் புறங்கையை வைத்துப் பார்ப்பாள். நாங்கள் கேலி செய்வோம். அவள் கண்டுகொள்ள மாட்டாள்.

அயர்லாந்து ஆஸ்பத்திரி அவளுக்காகக் காத்திருக்கவில்லை. வேறு ஆஸ்பத்திரி கிடைக்கும் என்று நாங்கள் விடாமல் நச்சரித்ததில் இரண்டு தடவை தேர்வு எழுதினாள். இரண்டு தடவையும் வாசிப்பிலும் எழுத்திலும் பி வரவில்லை. இரண்டாவது தடவை முடிவு வந்த அன்று மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். "போதும் மக்கா. இதுக்கு மேல எழுதினா தெரிஞ்ச இங்கிலீஷும் மறந்துரும்" என்றாள். பிறகு புளி போதுமா என்று கரண்டியை என் வாயில் வைத்தாள். எனக்கு ருசியே தெரியவில்லை.

இப்போது அவள் அந்த டயாலிசிஸ் வார்டுக்கு இன்சார்ஜ். அவள் ஊசி போட்டால்தான் கை நீட்டுவோம் என்று அடம் பிடிக்கிற அரபிக் கிழவிகள் இருக்கிறார்கள். ஊரில் வீடு கட்டிவிட்டாள், தம்பி விஜினைப் படிக்க வைத்துவிட்டாள். வாழ்க்கை போச்சாம். நாங்கள் மூன்று பேரும் அயர்லாந்தில் ஒரே வீட்டில் இருந்தது ஒரு குளிர்காலம்தான். அப்புறம் கல்யாணம், வேறு ஊர், வேறு டூட்டி. என்னிடம் இப்போது நல்ல கார் இருக்கிறது. அதில் ஏசிக்குச் சண்டை போட ஆள் இல்லை. யாரையாவது பார்த்துப் பாவம் என்று சொல்ல வேண்டுமென்றால் என்னைப் பார்த்துச் சொல்லலாம்.

நாங்கள் ஒவ்வொருத்தியாகத்தான் கிளம்பினோம். அக்ஸாவை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வரும்போது காரில் மூன்று பேர். சப்ரீனாவை விட்டு வரும்போது இரண்டு பேர். கடைசியில் என் முறை. துபாய் ஏர்போர்ட்டில் பெட்டியை இறக்கித் தள்ளுவண்டியில் அடுக்கித் தந்தாள். பின்னால் ஹாரன் அடித்தார்கள், காவலர் நகரச் சொல்லிக் கை காட்டினார்.

"நீ தனியா போயிருவியா?" என்று கேட்டேன்.

"ரோடு நேராத்தானே கெடக்கு" என்றாள். "நீ உள்ள போ. லேட்டானா அதுக்கும் என்னத்தான் ஏசுவ."

ஏறி உட்கார்ந்து, கண்ணாடியைச் சரி பண்ணி, பக்கத்துச் சீட்டில் நான் விட்டுப் போன சிப்ஸ் பாக்கெட்டை எடுத்து ஆட்டிக் காட்டினாள். வண்டி நகர்ந்தது. ரொட்டி வாங்கக் கடைக்குப் போவதாக இருந்தாலும் எங்களில் ஒருத்தியைத் தூக்கத்திலிருந்து எழுப்பி இழுத்துக்கொண்டுதான் போவாள். அத்தனை வருஷத்தில் அந்தக் காரை அவள் தனியாக ஓட்டிப் போனதை நான் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.