கண்ணளவுக்காரர் தோற்ற பந்தயம்

அந்தத் தையல்காரருக்குத் தெருவில் ‘கண்ணளவு’ என்றுதான் பெயர். டேப்பைத் தொடவே மாட்டார். வந்தவரை ஏற இறங்க ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான், கத்தரி ஓடும். சட்டையும் கச்சிதமாக உட்கார்ந்து தொலைக்கும். பிறகு மனிதரைக் கேட்கவா வேண்டும்?

கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டால் ஆளைப் பிடிக்க முடியாது. சாப்பாடு கடைக்குப் போகும். காலி டப்பா வீட்டுக்கு வரும். மகள் எழுந்திருக்கும் முன்பே கிளம்பிவிடுவார், அவள் தூங்கிய பிறகுதான் வருவார்.

ஒருநாள் டப்பாவோடு மகளின் கவுனுக்குச் சிவப்புத் துணியையும் கொண்டுவந்தாள் மனைவி.

“பாப்பாவ அனுப்பட்டா? அளவெடுக்கணும்ல?”

“என் பொண்ணு அளவு எனக்குத் தெரியாதா? கண்ண மூடிட்டுத் தைப்பேன்!”

“அப்போ பந்தயம். கவுன் சரியா இருந்தா, பண்டிகை முடியற வரைக்கும் உங்கள ஏன்னு கேக்க மாட்டோம். இல்லன்னா, முந்தின நாள் மத்தியானமே கடையச் சாத்திட்டு வீட்டுக்கு வரணும். மரம் ஜோடிக்கணும், ஒண்ணா உக்காந்து சாப்பிடணும். ஒரு மாசமா பாப்பா இதையேதான் கேட்டுட்டிருக்கா.”

“பாக்கலாமே!” என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து எதிர்வீட்டு டீச்சர் நீலத் துணியும் அளவு எழுதிய சீட்டுமாக வந்தார். அண்ணன் மகளுக்காம்.

சீட்டைப் பார்த்த கண்ணளவு, “நம்ம பாப்பா வயசுன்னு சொல்றீங்க, இவ என்ன இப்படி நெடுநெடுன்னு வளந்திருக்கா! வீட்ல என்னதான் போடுறாங்க?” என்றார். டீச்சருக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது.

பண்டிகைக்கு முந்தின நாள் மத்தியானம் மனைவி, மகள், டீச்சர் மூவரும் கடைக்கு வந்தார்கள். மகள் திரைக்குப் பின்னால் போய்ச் சிவப்புக் கவுனைப் போட்டுக்கொண்டு வந்தாள். முழங்காலுக்கு மேலே நாலு விரல் ஏறி நின்றது. கையைத் தூக்கினால் அக்குளில் தையல் விடும்போலிருந்தது.

“துணி சுருங்கியிருக்கும்” என்றார் கண்ணளவு.

“தண்ணியே படலையே!” என்றாள் மனைவி.

டீச்சர் சாவகாசமாக நீலக் கவுனை எடுத்து மகளிடம் நீட்டினார். அது அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. அளவெடுத்துத் தைத்ததுதானே! கண்ணளவு அவசரமாகச் சீட்டைத் தேடி எடுத்துப் பார்த்தார். அன்று எண்களை மட்டும்தான் கவனித்திருந்தார்; எழுத்தோ மனைவியின் கையெழுத்து. பெண் பண்டிகையன்று புதுத்துணி இல்லாமல் நிற்கக் கூடாதே என்று முன்கூட்டியே செய்த ஏற்பாடு.

அவருக்கு முகத்தில் அசடு வழிந்தது. ஊரார் அளவெல்லாம் மனப்பாடம். வீட்டில் வளர்ந்தவள் மட்டும் கண்ணில் படவில்லை. வாசலில் நின்ற இரண்டு பேரிடம், “காலையில வீட்டுக்கே கொண்டுவந்து தரேன்” என்று சொல்லிவிட்டுப் பாதி ஷட்டரை இறக்கினார். இழுப்பறையின் அடியிலிருந்து டேப்பை எடுத்துத் தூசி தட்டி, மகளின் தோளில் வைத்தார்.

“அசையாம நில்லும்மா. அடுத்த வருஷம் தப்பு வராது.”

அவள் டேப்பைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

“வேணாம்ப்பா. அடுத்த வருஷமும் தப்பாவே தைங்க.”