அக்கா கோணலாகச் சுற்றிய கட்டு

பெண் பார்க்க வந்தால் பாடச் சொல்வார்கள் என்று கதைகளில் படித்திருக்கிறேன். எங்கள் பக்கம் அந்தச் சங்கீதமெல்லாம் கிடையாது. பெண்ணுக்குப் பீடிக் கம்பெனி கார்டு இருக்கிறதா, ஒரு நாளைக்கு எத்தனை பீடி சுற்றுவாள் என்று கேட்பார்கள். கை வேகமான பெண் என்றால் நகையில் ஒன்றிரண்டு பவுன் குறைந்தாலும் மாமியார்கள் கண்டுகொள்ள மாட்டார்கள். அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில், ஆற்றுக்கு இந்தக் கரையில் இருந்த எங்கள் தெருவில் கல்யாணங்கள் அப்படித்தான் முடிந்தன.

நாங்கள் ஐந்து பேர். அக்கா மூத்தவள். அவளுக்குக் கீழே இரண்டு அண்ணன்கள், அப்புறம் சின்ன அக்கா, கடைசியில் நான். அப்பாவுக்கு அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் வேலை. அக்கா பத்தாவதில் பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க் வாங்கினாள். அதற்குப் பரிசாக அவள் மடியில் பீடி சுற்றும் சுளகு ஏறியது. வெட்டிய இலையையும் புகையிலைத் தூளையும் அந்தச் சுளகில் பரப்பிக்கொண்டு காலையில் உட்கார்ந்தாள் என்றால் மத்தியானச் சோற்றுக்குத்தான் எழுந்திருப்பாள். அண்ணன்களின் நோட்டும் புத்தகமும் அவள் விரலிலிருந்துதான் வந்தன. பெரிய குடும்பத்தில் கெட்டிக்காரி முதலில் பிறந்துவிட்டால் அவளை மற்றவர்கள் சாப்பிட்டுவிடுவார்கள். நானும் சாப்பிட்டவள்தான்.

ஒன்றே ஒன்றை மட்டும் அடம்பிடித்து வாங்கியிருந்தாள். சாயங்காலம் ஒரு மணி நேரம் டைப்ரைட்டிங் வகுப்பு. லோயர் பாஸாகி, ஹையர் பரீட்சைக்கு விண்ணப்பமும் போட்டுவிட்டாள். அதையும் முடித்தால் சர்க்கார் வேலைக்கு எழுதலாம் என்று சின்ன அக்காவிடமும் என்னிடமும் சொல்லிக்கொண்டே இருப்பாள். பரீட்சை ஆவணிக் கடைசியில்.

ஆனி மாதம் ஆலங்குளம் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை லாரி டிரைவர். அவரும் வீட்டுக்கு மூத்தவர், அவருக்குக் கீழே நான்கு பேர். ஒத்துப்போனால் ஆவணி முதல் முகூர்த்தத்திலேயே கல்யாணம் என்றார்கள். பரீட்சைக்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாமே என்று அக்கா கேட்டாள். அப்பா கோபப்படக்கூட இல்லை. “நீ போனாத்தானம்மா பின்னால நிக்கதுகளுக்கு வழி” என்றார். அக்கா சுளகை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் அம்மாவே வந்திருந்தாள். அவளும் பீடி சுற்றுகிறவள்தான், விரல் நகங்களில் தூளின் கறை இருந்தது. “ஒரு கட்டு சுத்திக் காட்டு தாயீ. பைய சுத்து, அவசரமில்ல” என்று சொல்லிச் சுளகைத் தன் கையாலேயே அக்காவின் மடியில் வைத்தாள்.

அக்கா சுற்றினாள். எனக்கு என் கண்ணையே நம்ப முடியவில்லை. இலை கோணியது, தூள் சிந்தியது, நூல் தொளதொளவென்று நின்றது. இருபத்தைந்து பீடிக்கு அன்றைக்கு அவ்வளவு நேரம் எடுத்தாள். அந்த அம்மா ஒன்றை எடுத்து விரலால் உருட்டிப் பார்த்தாள். தூள் மடியில் கொட்டியது.

“இத எந்தப் பீடிக்கடைக்காரன் எடுப்பான்? பாதிய கழிச்சுத் தள்ளிருவானே” என்றாள்.

“பதட்டத்துல சுத்துதா மதினி” என்று அம்மா கெஞ்சினாள். அப்பா விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவள் சேலையை உதறிக்கொண்டு எழுந்திருக்கப் போனாள்.

எனக்கு எட்டு வயது. என் அக்காவை ஒருத்தி குறை சொல்வதா என்று உடம்பெல்லாம் எரிந்தது. உள்ளே ஓடிப்போய், கடைக்குக் கொண்டுபோகக் கட்டி வைத்திருந்த பீடித்தட்டை இரண்டு கையாலும் தூக்கி வந்து அவள் முன்னால் வைத்தேன்.

“இதெல்லாம் எங்க அக்கா நேத்து சுத்துனது. ஒரு நாளைக்கு ஆயிரம் சுத்துவா! கடைக்கார அண்ணாச்சி ஒண்ணுகூடக் கழிச்சது கெடையாது!”

அவள் ஒரு கட்டைப் பிரித்துப் பார்த்தாள். இன்னொன்றையும் பார்த்தாள். பிறகு என் கன்னத்தைக் கிள்ளி, “கெட்டிக்காரிட்டி நீ” என்று சிரித்து மறுபடியும் உட்கார்ந்தாள். அம்மா காப்பி போட ஓடினாள். அன்றைக்கே பூ வைத்துவிட்டார்கள். அக்கா என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. மறுநாள் எனக்குத் தலை பின்னிவிடும்போது, ஏன் அப்படிச் சுற்றினாய் என்று கேட்டேன். “கை வரல” என்றாள். “நான் இருந்தேன், நீ தப்பிச்ச” என்றேன் நான்.

அவள் போனதும் அந்தச் சுளகு சின்ன அக்காவின் மடிக்குப் போனது. எனக்குப் பதினான்கு வயதாகும்போது அண்ணன்கள் இருவரும் சம்பாதிக்க ஆரம்பித்துவிட்டார்கள், அதனால் என்னைத் தொடர்ந்து படிக்கவைத்து, காலேஜுக்கும் அனுப்ப முடிந்தது. இன்றைக்குத் தாலுகா ஆபீஸில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன். அக்கா இன்னும் இருமிக்கொண்டே சுற்றுகிறாள். அவள் என்னைவிட அறிவாளி. தன்னடக்கத்துக்காகச் சொல்லவில்லை. அவள் பதினொரு வருஷம் முந்திப் பிறந்துவிட்டாள், வேறொன்றும் இல்லை. யாராவது என்னைத் திறமைசாலி என்று சொன்னால் எனக்குக் கூசுகிறது.

கல்யாணம் முடிந்து இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் புது வீட்டுக்கு விருந்துக்குப் போனோம். இலை போட்டு எல்லோரும் உட்கார்ந்த பிறகு மாமியார், “ஆயிரத்துக்கு மேல சுத்துதா மதினி, எங்க தெருவுலயே இந்தக் கை கெடையாது” என்று அம்மாவிடம் பெருமையடித்தாள்.

“நான்தான் அன்னைக்கே சொன்னேன்லா!” என்று கத்தினேன்.

எல்லோரும் சிரித்தார்கள், அக்காவும் சிரித்தாள். அன்றைக்குத்தான் ஹையர் பரீட்சை என்பது அந்த வீட்டில் அவள் ஒருத்திக்கு மட்டும் நினைவிருந்தது. எனக்கு இன்னொரு அப்பளம் வேண்டும் என்றேன். அவள் எழுந்து போய் எடுத்து வந்து என் இலையில் வைத்தாள்.