பத்து நாள் புகை

என் மாமாவுக்குப் பெண் கொடுப்பதா வேண்டாமா என்பதை எங்கள் வீட்டில் ஓர் ஆட்டுத் தொடைதான் தீர்மானித்தது. அப்படித்தான் நான் வெகுகாலம் நம்பியிருந்தேன். அந்தத் தொடையைக் காப்பாற்றியவளே நான்தான் என்ற பெருமை வேறு எனக்கு. அப்போது எனக்கு ஒன்பது வயது. வெள்ளைக்காரன் ஆட்சி. நாமக்கல்லிலிருந்து ஐந்து மைல் தள்ளி எங்கள் தோட்டமும் அதற்குள்ளேயே வீடும் இருந்தன.

மாமா அம்மாவின் தம்பி. இரண்டு மைலில் அவருடைய ஊர். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் ஒரு துரையின் பங்களாவில் சமையல்காரருக்கு எடுபிடியாக இருந்தவர், குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று மலையிறங்கி வந்துவிட்டார். அதற்கு முன் பள்ளிபாளையத்துக்குத் தறி நெய்யப் போய் ஒரே மாதத்தில் திரும்பினார். அதற்கும் முன் வெற்றிலைக் கொடிக்கால் வைத்து, கொடி படர்வதற்குள் சலித்துப்போனார். ஒரு காரியத்தை ஆரம்பிப்பதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. முடிக்கிற பழக்கம் மட்டும்தான் இல்லை.

இப்படிப்பட்டவருக்குத்தான் அம்மா என் அத்தையைக் கேட்டாள். அத்தை அப்பாவின் தங்கை. அதிகம் பேசமாட்டாள். தினமும் எனக்குத் தலை பின்னிவிடுவது அவள்தான். அம்மா பின்னினால் மண்டைத்தோல் கையோடு வந்துவிடும். அத்தை பின்னுவது தெரியவே தெரியாது. அவளுக்கு ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு நல்ல இடம் வந்திருந்தது. ஆத்தூர் என்றால் எனக்கு மலைக்கு அந்தப் புறம், கண்காணாத தேசம். மாமாவுக்குக் கொடுத்தால் அத்தை இரண்டு மைலில் இருப்பாள். அதனால் நான் முழுக்க முழுக்க மாமா கட்சி. அத்தை எந்தக் கட்சி என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் அது கேட்கிற விஷயமில்லை.

தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் அப்பாரு. அப்பாவின் அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். "மூணு மாசம் ஒரு காரியத்துல நிக்காதவனுக்கு என்ற புள்ளையக் குடுக்கச் சொல்றியா, சாமி?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தம்பியைப் பற்றி அவளுக்கும் தெரியுமே.

அந்த நேரத்தில்தான் தீபாவளி வந்தது. வீட்டுக்கு ஒரு கிடாய் வெட்டினோம். தின்று மீந்த கறியை மஞ்சளும் உப்பும் தடவிக் கோர்த்து, வெயிலில் காயவைத்து உப்புக்கண்டம் போடுவது எங்கள் வழக்கம். அந்த வருஷம் தீபாவளியன்று பிடித்த மழை விடவேயில்லை. முழுத் தொடை ஒன்று சட்டியில் கிடந்தது. அதைப் பார்த்து அம்மா புலம்பிக்கொண்டிருந்தாள். விருந்துக்கு வந்திருந்த மாமா, அப்பாருவின் காதில் விழும்படி வாயைத் திறந்தார்.

"வெயில் எதுக்குங்க? பொகை இருந்தாப் போதுமுங்க. தொரை ஊட்டுல மாசக்கணக்கா மழை பேஞ்சாலும் பன்னித்தொடை பொகையில கெடாம நிக்குமுங்க."

பன்றி என்றதும் அப்பாருவின் முகம் கோணியது. "ஆட்டுத்தொடையும் நிக்குமுங்க," என்று மாமா அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்.

"பத்து நாளைக்கு நிக்குமா?"

"நிக்குமுங்க."

அப்பாரு வந்து சட்டியை எட்டிப் பார்த்தார். "செரி. பத்து நாளைக்கு அந்தத் தொடை நாறாம இருந்துச்சுன்னா உன்ற அக்கா கேட்டதுக்கு நான் சம்மதிக்கறேன். நாறுச்சுன்னா ஆத்தூர்க்காரங்களுக்குத் தாக்கல் சொல்லி உட்டுருவேன். அப்பறம் ஆரும் பேசப்படாது."

நான் ஓடிப்போய்த் தொடையை முகர்ந்து பார்த்தேன். மாமாவோ அந்த நிமிஷமே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆரம்பிக்கிற வேலைதானே!

மாடு கட்டும் கட்டுத்தரைக்குப் பின்னால் விரிசல் விட்டதென்று ஒதுக்கிப்போட்ட பழைய மண் குதிர் ஒன்று இருந்தது. கம்பும் சோளமும் கொட்டிவைத்தது. என் தோளுயரம் இருக்கும். தானியத்தை எடுப்பதற்கு அடியில் ஒரு துவாரம் இருக்குமல்லவா, அதுதான் மாமாவின் கண்ணில் பட்டது. குதிர் உருண்டு வந்து கூரைக்கடியில் நின்றது. துவாரத்துக்கு எதிரே குழி தோண்டி நெருப்பு வைத்தார். குழியிலிருந்து துவாரம் வரைக்கும் ஓட்டை விழுந்த கெரசின் தகரங்களை உருட்டிச் சொருகிப் புகைக்கு வழி செய்தார். உடைந்த சைக்கிளின் கம்பிகளை வளைத்துக் கொக்கி ஆயிற்று. மேலே மூங்கில் குச்சியைக் குறுக்கே வைத்து, அதில் உப்பும் மிளகும் ஏற்றிய தொடையைத் தொங்கவிட்டு, நனைத்த சாக்கைப் போட்டு வாயை மூடினார். அப்பா வந்து பார்த்துவிட்டு, "இதைச் சொல்லிக் குடுக்கத் தொரை எத்தனை ரூவா வாங்குனான்?" என்று கேலி செய்தார். சாக்கு விளிம்பில் முதல் புகை எட்டிப் பார்த்தபோது நான் கைதட்டிக் குதித்தேன்.

பெண் கேட்டிருக்கிற வீட்டில் மாமா ராத்தங்க முடியாது. தன் வயற்காட்டு வேலையை முடித்துவிட்டு வந்து போகத்தான் முடியும். மற்ற நேரத்துக்குக் காவல் நான். "சாமி, பொகை நூலாட்ட வரோணும். நெருப்பு எரியவும் கூடாது, அணையவும் கூடாது. புளியங்கட்டையும் தேங்கா மட்டையும்தான் போடோணும். வேம்பு போட்டீன்னாக் கசந்துபோகும். உன்ற மாமன் மானம் உன்ற கையிலதான் இருக்குது," என்றார் மாமா.

நான் பொறுப்பான பெண்தான். ஆனால் மழைக்காலத்தில் செம்மண்ணில் சிவப்புப் பட்டுப்பூச்சிகள் ஊர ஆரம்பித்துவிடும். தீப்பெட்டியில் பிடித்துப் போடாமல் யாரால் இருக்க முடியும்? பூச்சியின் பின்னால் போய், வேலியில் காளான் முளைத்திருக்கிறதா என்று பார்த்து, அப்படியே கிணற்றில் எட்டிப் பார்த்துவிட்டு, திடீரென்று ஞாபகம் வந்து அலறியடித்துக்கொண்டு ஓடிவருவேன். வந்து பார்த்தால் புகை நூல்போல வந்துகொண்டிருக்கும். குழியில் சிவந்த கங்கின்மேல் புதுத் துண்டுக் கட்டைகள் கிடக்கும். காலையில் நான் போட்ட கட்டை எவ்வளவு நேரம் நிற்கிறது பார் என்று எனக்கே என்மேல் வியப்பாக இருக்கும். சமையலறை ஊதாங்குழல் குதிருக்குப் பக்கத்தில் கிடந்தது. மாமா எடுத்துவந்திருப்பார் என்று நினைத்து உள்ளே கொண்டுபோய் வைத்தேன். மறுநாள் பார்த்தால் மறுபடியும் அங்கேயே கிடந்தது.

அப்பாரு தினமும் சாயங்காலம் வந்து சாக்கைத் தூக்கி மூக்கை நீட்டுவார். பிறகு சாக்கை மூடிவிட்டுப் போய்விடுவார். ஒன்பதாம் நாள் அவர் மூக்கைச் சுளித்தமாதிரி எனக்குத் தோன்றியது. அவர் போனபின் நானும் முகர்ந்தேன். செருப்பைச் சுட்டது போல ஒரு நெடி. போச்சு, நாறிவிட்டது, அத்தை ஆத்தூருக்குப் போகப்போகிறாள் என்று அழுகை வந்துவிட்டது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

பத்தாம் நாள் காலையில், அம்மா பால் கறக்க உட்கார்ந்த நேரம் பார்த்து மாடக்குழியிலிருந்த டப்பாவைத் திறந்தேன். என் தம்பி அப்போது கைக்குழந்தை. அவனைக் குளிப்பாட்டியதும் புகை காட்டுவதற்காகச் சந்தையில் வாங்கிவைத்த சாம்பிராணி அதில் இருந்தது. எந்த நாற்றத்தையும் போக்கக்கூடிய புகை எனக்குத் தெரிந்து உலகத்தில் அது ஒன்றுதான். முழுக் கட்டியையும் எடுத்துக்கொண்டுபோய்க் கங்கில் போட்டுவிட்டு, திரும்பிப் பாராமல் ஓடிவந்துவிட்டேன்.

சற்று நேரத்தில் அம்மாவின் குரல் வீட்டைத் தூக்கியது. "ஆரு இந்த டப்பாவைத் தொட்டது? புள்ளைக்குப் பொகை போட ஒரு பொட்டுச் சாம்பிராணி இல்லையே இந்த ஊட்டுல!" அப்பாரு வெளியில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். நான் ஆட்டுக்குட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் தொடையை இறக்கினார்கள். வெளியே கன்னங்கரேல் என்றிருந்தது; அறுத்தால் உள்ளே சிவப்பு. அம்மா பாதியைக் குழம்பு வைத்தாள். பாதியைச் சின்ன வெங்காயம் போட்டு வறுத்தாள். ஆண்கள் இலைமுன் உட்கார்ந்தார்கள். எனக்கும் ஓர் ஓரத்தில் இலை போட்டார்கள். மாமாவுக்கு வேர்த்துக் கொட்டியது. அப்பாரு ஒரு துண்டை எடுத்து முகர்ந்தார், வாயில் போட்டார், மென்றார். மென்றுகொண்டேயிருந்தார்.

"ஏப்பா, கறியில கோயில் வாசம் அடிக்குதே?"

அப்பாவுக்குச் சிரிப்பில் புரையேறியது. மாமா திருதிருவென்று விழித்தார். "கட்டையும் மட்டையும்தானுங்க போட்டேன். சத்தியமா வேறொண்ணும் போடலீங்க."

அப்போது அத்தை குழம்புச் சட்டியோடு வந்து அப்பாருவின் இலைக்குக் குனிந்தாள். அப்பாரு நிமிர்ந்தார். ஒருதரம் மூச்சை இழுத்தார். பிறகு இன்னொரு தரம்.

"ஏஞ்சாமி, தலைக்குச் சாம்பிராணி போட்டியா?"

"இல்லீங்கப்பா."

"அதானே. ஊட்டுலதான் ஒரு பொட்டுக்கூட இல்லியாமே."

அத்தையின் கையில் கரண்டி அப்படியே நின்றது. மாமா இலையைவிட்டுத் தலை நிமிரவில்லை.  அப்பாரு என் திருட்டை நெருங்கிவிட்டார். அடுத்த வார்த்தை என் பெயர்தான். பாதிச் சோற்றில் எழுந்து ஓடிச் சோளத்தட்டுப் போருக்குள் புகுந்துகொண்டேன். உள்ளே இருந்தபடி அப்பாரு சிரிப்பதைக் கேட்டேன். அவர் அப்படி உரக்கச் சிரித்து அதற்கு முன் நான் கேட்டதில்லை.

வெகுநேரம் கழித்து அம்மா என் காலைப் பிடித்து வெளியே இழுத்தாள். அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். வாயில் வெல்லம் விழுந்தது. "தை மாசம் உன்ற அத்தைக்குக் கல்யாணம். மாமனுக்கே குடுக்கறாங்க."

"கறி நாறலீங்களாம்மா?"

"நாறலையாம். உன்ற அப்பாரு இன்னொரு துண்டு கேட்டு வாங்கித் தின்னாரு."

சாம்பிராணியைப் பற்றி அவள் கேட்கவேயில்லை. அடுத்த சந்தையில் அப்பாரு ஒரு பொட்டலம் சாம்பிராணி வாங்கிவந்து என் கையில் கொடுத்து, "பத்திரமா வெச்சுக்க, சாமி" என்றார். விஷயம் தெரிந்துதான் கொடுக்கிறாரோ என்று ஒரு வாரம் அவர் கண்ணில் படாமல் திரிந்தேன்.

எனக்குத் திருட்டுப் பயம். அவருக்குக் கிடைத்தது வேறு சேதி என்பது வெகுகாலம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. அன்று காலையில் அந்த வாசம் இருந்த இடம் குதிரடி ஒன்றுதான். அது அத்தையின் கூந்தலில் ஏறியிருந்தால் அவள் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். யாரும் ஒரு வார்த்தை கேட்காத பெண், பத்து நாளும் புகையில் உட்கார்ந்து பதில் சொல்லியிருக்கிறாள். அத்தனை நாளும் எனக்குத் தலை பின்னும்போது அவள் கையில் புகை வாசம் அடித்தது. அடுப்படியில் இருப்பவளிடம் வேறென்ன வாசம் அடிக்கும் என்று இருந்துவிட்டேன்.

தையில் கல்யாணம் நடந்தது. மாமாவின் மனைவியும் எனக்கு அத்தைதான் என்பதால் முறையைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. புதுப் பாவாடையோடு பந்தலில் கண்டவர்களிடமெல்லாம், "பத்து நாளும் பொகைய அணையாமப் பாத்துக்கிட்டது நாந்தானுங்க!" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். மணவறையிலிருந்த அத்தைக்கும் அது கேட்டது. தலையைக் குனிந்துகொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். கல்யாணப் பெண்ணுக்கு வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.